கையைப் பிடிச்சா கொழுப்பு குறையுமா?

நடுவர் ஐயாவுக்கும் அவைக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேரா விஷயத்துக்கு வர்றேன்.

'ஆரோக்கியத்துக்கும் மகிழ்ச்சிக்கும் பெரிதும் துணை நிற்பது உணவும் உடற்பயிற்சியுமா? அன்பும் உறவுமா?' இதுதான் தலைப்பு. நான் அன்பும் உறவும் அணி. அதுக்காக உணவும் உடற்பயிற்சியும் வேண்டாம்னு சொல்ல வரல. நல்லா சாப்பிடுங்க, நல்லா நடங்க. கூட நடக்க ஒரு ஆள் இருந்தா இன்னும் நல்லதுன்னுதான் சொல்றேன்.

எனக்கு முன்னால பேசின எதிரணி அண்ணன் என்ன கேட்டார்? "வீட்டுக்காரி கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தா கொலஸ்ட்ரால் குறையுமா? எந்த டாக்டராவது சீட்டுல 'காலையில ஒரு அணைப்பு, ராத்திரி ஒரு அணைப்பு, சாப்பாட்டுக்கு அப்புறம்'னு எழுதிக் கொடுத்திருக்காரா?" கேட்டதும் கைதட்டல் அரங்கத்தையே பிச்சுக்கிட்டுப் போச்சு. தட்டினவங்க எல்லாரும் அந்தக் கையை அப்படியே வச்சிருங்க, வேலை இருக்கு.

அண்ணே, நீங்க கேட்டது ரெண்டு கேள்வி. ரெண்டுக்கும் பதில் சொல்லாம இறங்க மாட்டேன்.

முதல் கேள்விக்கு ஒரு முயல் சாட்சி சொல்லும். 1980-ல 'சயின்ஸ்' ஆய்விதழ்ல வந்த விஷயம் இது. ராபர்ட் நெரெம்னு ஒரு அமெரிக்க ஆய்வாளரும் அவரோட கூட்டாளிகளும் முயல்களுக்குக் கொழுப்பு கலந்த தீவனம் கொடுத்தாங்க. புல்லு தின்னுற ஜீவனுக்குக் கொழுப்பைக் கொடுத்தா என்ன ஆகும்? ரத்தக்குழாய் உள்சுவர்ல கொழுப்பு படியும். நம்ம மாரடைப்புக்கு அஸ்திவாரம் போடுதே, அதே படிவு.

ஒரே ரக முயல். எல்லாத்துக்கும் ஒரே தீவனம். ஒரே ஒரு வித்தியாசம். ஒரு பிரிவு முயல்களுக்கு வேளா வேளைக்குத் தீவனம் மட்டும் வரும். இன்னொரு பிரிவுக்கு ஆளும் வரும். கையில தூக்குவாங்க, முதுகைத் தடவிக் கொடுப்பாங்க, பேசுவாங்க, கூட விளையாடுவாங்க. முயல்கிட்ட என்னய்யா பேச்சுன்னு கேட்காதீங்க. வீட்டுல பூனை வளர்க்கிற அம்மாவைக் கேளுங்க, அரை மணி நேரம் பேசுவாங்க.

கடைசியில ரத்தக்குழாயை எடுத்துப் பார்த்தாங்க. தடவிக் கொடுத்து வளர்த்த முயல்களுக்குப் படிவு 60 சதவீதத்துக்கும் மேல கம்மி! அதே தீவனம்யா! வாயில போனது ஒண்ணுதான், குழாய்ல தங்கினது வேற.

இப்ப அண்ணன் எழுந்து, "அப்ப ரத்தத்துல கொழுப்பு குறைஞ்சிருக்கும்"னு சொல்லுவார். அதுதான் இல்ல! ரத்தத்துல கொலஸ்ட்ரால் ரெண்டு பிரிவுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. ரத்த அழுத்தமும் அப்படித்தான். ஆகவே நீங்க கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில்: கையைப் பிடிச்சதால அந்த முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் குறையல. அந்தக் கொலஸ்ட்ரால் செய்ய வேண்டிய நாசத்தைச் செய்ய முடியாமப் போச்சு. பரிசோதனைச் சீட்டுல இருக்கிற எண் ரெண்டு பேருக்கும் ஒண்ணு, ரத்தக்குழாய் மட்டும் வேற வேற. இதைவிட எங்க அணிக்கு வேற என்ன சாட்சி வேணும்?

முயல் போதாது, மனுஷனைக் காட்டுன்னு கேட்பீங்க. காட்டுறேன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்துல 1938-ல ஆரம்பிச்ச ஆய்வு, நூற்றுக்கணக்கான பேரை இளமையில இருந்து முதுமை வரைக்கும் பின்தொடர்ந்துச்சு. அதுக்கு நாலாவது தலைவரா வந்த மனநல மருத்துவர் ராபர்ட் வால்டிங்கர் சொல்றார்: 80 வயசுல யார் நல்லா இருப்பாங்கன்னு, 50 வயசுல எடுத்த கொலஸ்ட்ரால் அளவைவிட, அந்த 50 வயசுல உறவுகள்ல எவ்வளவு திருப்தியா இருந்தாங்கங்கறதுதான் நல்லா முன்கூட்டிச் சொல்லிச்சு. மறுபடியும் கொலஸ்ட்ரால்தான் அண்ணே. நீங்களா கேட்டது.

அடுத்தது, கையைப் பிடிக்கிறது. இதையும் ஆராய்ச்சி பண்ணியாச்சு. 2006-ல ஜேம்ஸ் கோன்னு ஒரு அமெரிக்க உளவியல் ஆய்வாளரோட குழு, கல்யாணமான 16 பெண்களை எம்ஆர்ஐ ஸ்கேன்ல படுக்க வச்சாங்க. கணுக்கால்ல ஒரு மின்கம்பி. இப்ப லேசா ஷாக் வரலாம்னு திரையில ஒரு குறி காட்டும். அந்த நொடியில மூளை எவ்வளவு பதறுதுன்னு பார்க்கணும். யார் கையையும் பிடிக்காம ஒரு தடவை, முன்பின் தெரியாதவர் கையைப் பிடிச்சு ஒரு தடவை, கணவர் கையைப் பிடிச்சு ஒரு தடவை. கணவர் கையைப் பிடிச்சப்பதான் பதற்றம் ரொம்பக் குறைஞ்சது. அதுலயும் குடும்பம் அன்னியோன்னியமா இருந்தவங்களுக்கு இன்னும் குறைவு. ஆண்கள் எல்லாரும் இதை மனசுல எழுதிக்கங்க. கை மட்டும் இருந்தா போதாது, அந்தக் கைக்குப் பின்னால அன்பும் இருக்கணும்.

முன்பின் தெரியாதவர் கை இருக்கே, அதுவும் ஓரளவு பதற்றத்தைக் குறைச்சுது. இதுக்கு அப்புறம் வர்றேன்.

இப்ப ரெண்டாவது கேள்வி. எந்த டாக்டர் அணைப்பை எழுதிக் கொடுத்தார்? பேர் சொல்றேன் அண்ணே: எட்கர் ரே. ஊர் போகோட்டா, கொலம்பியா நாடு. வருஷம் 1978. குறைமாசத்துல பிறந்த குழந்தைகள் நிறைய, சூடு கொடுக்கிற இன்குபேட்டர் கருவி கம்மி. அவர் என்ன செய்தார்? குழந்தையை எடுத்துத் தாயோட நெஞ்சுல, தோலோட தோல் படும்படி வைக்கச் சொன்னார். அதுக்குக் கங்காரு பராமரிப்புன்னு பேர் வந்துச்சு. கருவிக்குப் பதிலாதான் அந்த அம்மாக்களைக் கூப்பிட்டாங்க. இன்னிக்குக் கருவி இருக்கிற இடத்துலயும் அவங்களைத்தான் தேடுறாங்க!

2021-ல இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா அஞ்சு நாட்டுலயும் நடந்த ஆய்வு வெளிவந்துச்சு. ரெண்டு கிலோகூட இல்லாத குழந்தைகள். உடல்நிலை சீரான பிறகு அணைச்சுக்கிறது அதுவரைக்கும் இருந்த வழக்கம். பிறந்ததுமே அணைச்சா என்னன்னு பார்த்தாங்க. முதல் 28 நாள்ல இறப்பு 15.7 சதவீதத்துல இருந்து 12 சதவீதமா இறங்கிச்சு. இதுக்கு மேல பழைய வழக்கப்படி பாதிக் குழந்தைகளை அணைப்பில்லாமக் காத்திருக்க வைக்கிறது நியாயம் இல்லன்னு ஆய்வையே முன்கூட்டி நிறுத்திட்டாங்க. 2022-ல உலக சுகாதார நிறுவனம் அளவும் சொல்லிடுச்சு: ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துல இருந்து 24 மணி நேரம் வரைக்கும். நீங்க காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு கேட்டீங்க அண்ணே. அவங்க நாள் முழுக்க எழுதிக் கொடுத்திருக்காங்க!

மணி கேட்டுச்சு ஐயா. ஒரே ஒரு நிமிஷம் கொடுங்க. தெரியாதவர் கையைப் பத்திச் சொல்லிட்டு இறங்கிடறேன்.

எங்க அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவுல இருந்தாங்க. உள்ளே விட மாட்டாங்க. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவங்க. அம்மாவுக்குக் காது கேட்காது, செவிக்கருவியைக் கழட்டி வச்சுட்டாங்க. யார் என்ன சொல்றாங்கன்னு தெரியாம மிரண்டு போய், குழாய்களைப் பிடுங்கப் பார்த்தாங்க. ராத்திரி டியூட்டிக்கு ஒரு செவிலியர் வந்தாங்க, சின்னப் பொண்ணு. கத்திப் பேசல, கையைக் கட்டியும் போடல. அம்மா கையைப் பிரிச்சு, உள்ளங்கையில தன் விரலால ஒவ்வொரு எழுத்தா எழுதினாங்க: 'பையன் வெளியே இருக்கான்.' அம்மா தலையாட்டினாங்க. அப்புறம் 'தூங்குங்க'ன்னு எழுதினாங்க. எழுதி முடிச்சும் கையை எடுக்கல.

அந்தப் பொண்ணுக்கு எங்க அம்மா யாரு? சொந்தமா, பந்தமா? சம்பளத்துல அதுக்குத் தனியா ஏதாவது உண்டா?

அம்மா வீட்டுக்கு வந்துட்டாங்க. எந்த டாக்டர் பார்த்தார், என்ன மருந்து போச்சு, எதுவும் அவங்களுக்கு ஞாபகம் இல்ல. என் கையை இழுத்து உள்ளங்கையில எழுதிக் காட்டினாங்க, 'இப்படித்தான் எழுதுனா'ன்னு. அன்னிக்கு மட்டும் இல்ல, பார்க்க வந்த ஒவ்வொருத்தர் கையிலயும் எழுதிக் காட்டினாங்க.

நடுவர் ஐயா, என் அணிக்குத் தீர்ப்பு கொடுங்க. அந்தப் பொண்ணு எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும். வணக்கம்.