மூலைக்கடையின் புகைபோக்கி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எதிரணி பேசி முடித்ததும் மண்டபம் செத்தவீடு மாதிரி ஆகிவிட்டது. 'டொரொண்டோ ஸ்காபரோவின் பழைய பிளாசாக்களில் கடைகள் மாறிக்கொண்டே இருப்பது வரமா, சாபமா?' என்பதுதான் தலைப்பு. சாபம் என்று பேசிய அண்ணர் கண்கலங்கியே போனார். அவர் கனடா வந்து முதன்முதலாகத் தலைமயிர் வெட்டிய இத்தாலியக்காரரின் கடை இப்போது இல்லையாம். சரி அண்ணா, உங்கள் தலையில் மயிர் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

எக்ளிண்டன் வீதியில் கோல்டன் மைல் பிளாசா 1954இல் திறந்தது. முன்னால் கார் நிறுத்த இடம், பின்னால் வரிசையாகக் கடைகள். அன்றைக்கு அது புதுமை. 1959இல் எலிசபெத் மகாராணியே வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்தக் காலத்தில் அதே பாணியில் தெருத்தெருவாக எழும்பிய சின்னப் பிளாசாக்கள் பிறகு கிழடு தட்டின. கூரை ஒழுகியது, தார் வெடித்தது, வசதியான கடைகள் பெரிய மால்களுக்குப் போயின, வாடகை இறங்கியது. 1983 இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு ஒரு பெட்டியோடு வந்து இறங்கிய எங்கள் சனத்துக்குக் கைக்கு எட்டியது அந்த இறங்கிய வாடகைதான். பளபளக்கும் மாலில் எங்களை நம்பி யார் கடை தந்திருப்பார்கள்?

என் வீட்டுக்குப் பக்கத்துப் பிளாசாவின் மூலைக்கடையைச் சொல்கிறேன். பெயர்ப்பலகைக்கு மேலே, பழைய எழுத்துகளைக் கழற்றிய இடம் மட்டும் சுவரில் வேறு நிறமாகத் தெரியும். உற்றுப் பார்த்தால் 'பீட்சா' என்று வாசிக்கலாம். பீட்சாவுக்குப் பிறகு சீனச் சாப்பாடு. அப்புறம் எங்கள் ஆளின் டேக் அவுட். இப்போது ஆப்கானியரின் கபாப். ஏன் எல்லாமே சாப்பாட்டுக் கடை? குசினியில் அடுப்புக்கு மேலே இருக்கும் பெரிய புகைபோக்கிதான் காரணம். அதைப் புதிதாகப் பூட்டப் போனால் சின்ன வியாபாரியின் முதலே கரைந்துவிடும். ஒருவர் பூட்டிவிட்டுப் போனதை அடுத்து வந்த மூன்று பேர் ஆண்டார்கள். சீனர் சட்டி தட்டிய அதே இடத்தில் எங்கள் ஆள் கொத்துரொட்டி தட்டினார். பக்கத்துக் கடைக்காரருக்குச் சத்தத்தில் வித்தியாசமே தெரியவில்லையாம்!

எங்கள் கடைகள் மட்டும் நிலைத்தனவா? தொண்ணூறுகளில் எங்கே பார்த்தாலும் தமிழ் வீடியோக் கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் டெலிபோன் கார்ட் தொங்கும். காசால் சுரண்டி, நம்பரை அமத்தி, அம்மா 'ஹலோ' என்று சொல்வதற்குள் லைன் அறுந்துவிடும். அந்தக் கடைகள் போனதற்கு யாராவது அழுதோமா? வாட்ஸ்அப்பில் மணிக்கணக்காக அலட்டிக்கொண்டிருக்கிறோம். பெரிய கம்பனிகளும் தப்பவில்லை. அமெரிக்கப் பெருங்கடை டார்கெட் 2013இல் வந்தது, 2015இல் 133 கடைகளையும் பூட்டிக்கொண்டு கனடாவை விட்டே போனது. அவ்வளவு பெரிய கொட்டகையை வாடகைக்கு எடுக்க இன்னொரு யானைதான் வரவேண்டும். மூலைக்கடைக்கு ஒரு ஆப்கானியக் குடும்பம் போதும்.

'பழைய ஊர் போச்சு' என்றீர்கள், அண்ணா. அந்த வசனம் உங்களுடையது இல்லை. 1984இல், ஸ்காபரோவின் ஏஜின்கோர்ட்டில் ரோலர் ஸ்கேட்டிங் அரங்கமாக இருந்த கட்டடத்தில் சீனர்களின் டிராகன் சென்டர் என்ற மால் திறந்தது. கார் நெரிசல் என்று சொல்லி அக்கம்பக்கத்தார் பெரிய கூட்டம் போட்டார்கள். வாய் காரைப் பற்றிப் பேசியது, கோபம் சீனர்மேல் இருந்தது. அன்று அவர்கள் ஆங்கிலத்தில் புலம்பியதைத்தான் இன்று நீங்கள் அழகான தமிழில் புலம்பினீர்கள்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கடை மாறும்போது ஒரு குடும்பத்தின் சேமிப்பும் சிலநேரம் சேர்ந்து போகிறது. வாடகைக்கு மேலே டி.எம்.ஐ. என்று கட்டடத்தின் வரி, பராமரிப்பு, காப்புறுதி எல்லாம் கடைக்காரர் தலையில்தான் விழும். குத்தகைக்குச் சொந்தப் பிணைக் கையெழுத்து வேறு. இது கொடுமை, மறுக்கவில்லை. இதைவிடப் பெரிய கொடுமை இப்போது குத்தகைத் தாளில் சின்ன எழுத்தில் வருகிறது, இடிப்பு விதி என்று. கட்டடச் சொந்தக்காரர் கொண்டோ என்கிற அடுக்குமாடி வீடுகளைக் கட்ட நினைத்தால், நோட்டீஸ் கொடுத்து எல்லாரையும் எழுப்பிவிடலாம். அந்தக் கோல்டன் மைலிலேயே கொண்டோக் கோபுரங்களுக்குத் திட்டம் போட்டிருக்கிறார்கள். கொண்டோவின் கீழ்த்தளத்திலும் கடை வரும். ஆனால் அந்த வாடகைக்கு வங்கிதான் வரும், காபிக் கம்பனிதான் வரும். ஆப்கானியருக்குப் பிறகு வரவேண்டிய ஐந்தாவது ஆள் எங்கே போவார்? அழுவதென்றால் அவருக்காக அழுங்கள் அண்ணா, நானும் கூட அழுகிறேன்.

மணி அடித்துவிட்டீர்கள். முடிந்ததும் எதிரணியை அந்த மூலைக்கடைக்குக் கூட்டிப்போகிறேன். நான் கடைசியாகப் போனது போன மாதம், அதனால் கபாப்தான் கிடைக்கும் என்று உறுதி சொல்லமாட்டேன். நன்றி, வணக்கம்.