நான்காவது நாற்காலி

நேயர்களுக்கு வணக்கம்.

கூடைப்பந்து பார்க்கிறவர்கள் இரண்டு பேர் இருக்கும் வீட்டில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்தச் சண்டை வந்துவிடும். எங்கள் வீட்டில் பொங்கலன்று வந்தது. வடையைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா மகன் சொன்னான்: "மாமா, உங்க ஹக்கீம், ஷாக் எல்லாம் யோக்கிச் முன்னாடி நிக்க முடியாது." நான் கல்லூரி அணியில் போஸ்ட்டுக்கு அடியில் நின்று முழங்கை இடி வாங்கியே வளர்ந்தவன். ஹக்கீம் ஒலாஜுவான், ஷாக் என்கிற ஷகீல் ஓ'நீல் இருவரும் அந்த இடத்தில் ஆடிய பெரிய வீரர்கள், அதிலும் ஹக்கீம் என்றால் எனக்குக் கிட்டத்தட்ட பக்தி. விடுவேனா? வடை ஆறிப்போனது. அன்று கோபத்தில் பேசியதை, பிறகு ஆற அமர யோசித்ததோடு சேர்த்து இன்று உங்கள் முன் வைக்கிறேன். 2025 வரை முடிந்த சீசன்களை வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். நிக்கோலா யோக்கிச், செர்பியாவின் சோம்போர் என்ற ஊர்க்காரர். ஆங்கில எழுத்தைப் பார்த்து நம்மில் பலர் 'ஜோக்கிக்' என்று படிப்போம், அவர் ஊரில் யோக்கிச்தான். அமெரிக்காவின் என்பிஏ லீகில் டென்வர் நக்கெட்ஸ் அணிக்கு ஆடுகிறார். உயரம் 6 அடி 11 அங்குலம். பார்த்தால் விளையாட்டு வீரர் என்று சொல்ல மாட்டீர்கள். வயிற்றில் கட்டம் கட்டமாகத் தசை கிடையாது, குதித்தால் தரைக்கும் காலுக்கும் நடுவே ஒரு செய்தித்தாளைச் செருகலாம், அவ்வளவுதான். 2014-இல் புது வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நடந்தபோது 41-ஆவதாக அவர் பெயர் வந்தது. அந்த நேரம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு துரித உணவு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அவரோ செர்பியாவில் தூங்கிக்கொண்டிருந்தார்.

அந்த 41-ஆம் நம்பர் ஆள் 2021, 2022, 2024 என்று மூன்று தடவை லீகின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கினார். 2023-இல் டென்வருக்கு முதல் சாம்பியன் பட்டமும் அவரால் வந்தது.

சரி, எல்லாக் காலத்துச் சிறந்த சென்டர்கள் வரிசையில் இவரை எந்த நாற்காலியில் உட்கார வைப்பது? அதற்கு முன் சென்டர் என்றால் யார் என்று பார்க்க வேண்டும். அணியிலேயே உயரமான ஆள், வளையத்துக்குப் பக்கத்தில் நிற்பவர். எதிராளி எறிவதைத் தடுப்பார், குறி தவறி வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பார் (இதுதான் ரிபவுண்ட்), தன் பக்கம் பந்து வந்தால் முதுகால் தள்ளிக்கொண்டுபோய்ப் போடுவார். இந்த வேலையை ஒருவர் அளவுக்கு மீறி நன்றாகச் செய்தால் என்ன ஆகும்? விதியை மாற்றுவார்கள். ஜார்ஜ் மைக்கன் என்ற கண்ணாடி போட்ட நெட்டையரைச் சமாளிக்க முடியாமல், வளையத்துக்கு முன்னால் உள்ள பாதையை 1951-இல் 6 அடியிலிருந்து 12 அடியாக அகலப்படுத்தினார்கள். அந்தப் பாதைக்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது, ஆகவே பாதை அகலமானால் நெட்டையர் தள்ளி நிற்க வேண்டும். வில்ட் சேம்பர்லின் வந்த பிறகு அந்த 12 அடியும் போதவில்லை. 1964-இல் 16 அடி ஆனது. கரீம் அப்துல் ஜப்பார் கல்லூரியில் ஆடிய காலத்தில், 1967-இல், பந்தை வளையத்துக்குள் குத்தி இறக்கும் டங்க்கையே கல்லூரி ஆட்டத்தில் தடை செய்தார்கள். தடை 1976 வரை நீடித்தது. அவர் அசரவில்லை. கையைத் தலைக்கு மேல் வில்லாக வளைத்துப் போடும் 'ஸ்கை ஹூக்'கைத் தீட்டித் தீட்டி, அதை வைத்தே 38,387 புள்ளிகள் வரை போனார். அந்தச் சாதனை 2023 வரை நின்றது.

இப்படி விதிகளையே நகர்த்திய இனம், பிற்பாடு தேய்ந்தது. எல்லாரும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறிய ஆரம்பித்தார்கள். அடியில் நிற்கும் மலை யாருக்கு வேண்டும்? 2012-இல், லீகின் நட்சத்திரங்கள் மட்டும் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கு ரசிகர்கள் வாக்களிக்கும் சீட்டிலிருந்து 'சென்டர்' என்ற பிரிவையே எடுத்துவிட்டார்கள். அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் நம்ம ஆள் தூங்கிக்கொண்டே தேர்வானார்.

வானொலியில் ஆட்டத்தைக் காட்ட முடியாது. ஆனாலும் ஒரு காட்சியைச் சொல்லிப் பார்க்கிறேன், கண்ணை மூடிக்கொள்ளுங்கள். டென்வரிடம் பந்து. யோக்கிச் வளையத்துக்குக் கீழே இல்லை, எதிரணி தவறாக இடித்தால் தடையில்லாமல் எறிய நிற்கும் ஃப்ரீ த்ரோ கோட்டின் மூலையில் நிற்கிறார். அவரோடு ஆடும் ஜமால் மரே பந்தை அவரிடம் கொடுத்துவிட்டு அவரையே ஒரு தூண் மாதிரி சுற்றி ஓடுகிறார். மரேயைத் துரத்தி வருபவர் அந்தத் தூணில் மோதுகிறார். இப்போது யோக்கிச்சைக் காவல் காப்பவருக்குச் சிக்கல். மரேயைப் பிடிக்கப் போனால் யோக்கிச் திரும்பி எறிவார். போகாமல் நின்றால் பந்தை மரே கையில் வைத்துவிடுவார், மரே நேராக வளையத்துக்கு ஓடுவார். மூன்றாவது ஆள் உதவிக்கு வந்தால், அவர் விட்டுவந்த மூலைக்குப் பந்து ஒரு கையால் தலைக்கு மேலே பறக்கும். செர்பியா வாட்டர் போலோவில் 2016, டோக்கியோ, பாரிஸ் என்று வரிசையாக ஒலிம்பிக் தங்கம் வாங்கிய நாடு. தண்ணீரில் மிதந்தபடி ஒற்றைக் கையால் எறியும் அந்த எறிதல் இவர் பாஸில் அப்படியே தெரியும்.

உயரமானவர்கள் யாருமே முன்னால் பாஸ் போட்டதில்லையா என்றால், போட்டிருக்கிறார்கள். 1977-இல் போர்ட்லாந்தை ஜெயிக்க வைத்த பில் வால்டன் போட்டார். லிதுவேனியாவின் சபோனிஸ் பிரமாதமாகப் போட்டார். பாவம், அவர் என்பிஏவுக்கு வந்தபோது முப்பது வயது தாண்டி, கால்களும் கெட்டுப்போயிருந்தன. வில்ட் கூட 1967-68 சீசனில், என்னால் புள்ளி மட்டும்தான் எடுக்க முடியுமா பார் என்று வீம்புக்குச் செய்தது போல, கூட ஆடுபவர் புள்ளி எடுக்கும்படி கொடுக்கும் பாஸான அசிஸ்ட்டின் மொத்தக் கணக்கில் லீகிலேயே முதலிடம் வந்தார். ஆனால் ஒரு அணியின் மொத்தத் தாக்குதலும் வருஷக்கணக்கில் ஒரு சென்டரின் கண் வழியாக ஓடியது யோக்கிச்சிடம்தான். 2024-25 சீசனின் சராசரியைப் பாருங்கள்: ஆட்டத்துக்கு 29.6 புள்ளி, 12.7 ரிபவுண்ட், 10.2 அசிஸ்ட். மூன்றிலும் இரட்டை இலக்கம். ஒரு சீசன் முழுக்க இப்படிச் சராசரி வைத்தவர்கள் அதற்கு முன் ஆஸ்கர் ராபர்ட்சன், ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் இருவர்தான். இருவரும் பந்தைத் தட்டிக்கொண்டு வரும் கார்டு ஆட்டக்காரர்கள். அதே சீசனின் மார்ச் மாதம் ஃபீனிக்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 31 புள்ளி, 21 ரிபவுண்ட், 22 அசிஸ்ட். காலையில் இதைப் படித்துவிட்டு அச்சுப் பிழை என்றே நினைத்தேன்.

"சரி, கோப்பை எத்தனை?" இது என் பக்கத்து ஆயுதம். பாஸ்டன் அணியின் சென்டர் பில் ரஸ்ஸல் 13 சீசனில் 11 பட்டம். கரீம் ஆறு. ஷாக் நான்கு. ஹக்கீம் இரண்டு. யோக்கிச் ஒன்று. பொங்கலன்று இதைச் சொல்லிவிட்டு, ஜெயித்துவிட்டேன் என்று காபியைக் கையில் எடுத்தேன். அவன் விடவில்லை. ரஸ்ஸல் ஆட வந்தபோது லீகில் மொத்தம் எட்டே அணிகள் மாமா, இன்றைக்கு முப்பது என்றான். சீசன் கடைசியில் ஒரே எதிரணியோடு பல ஆட்டங்கள் ஆடுவதைத் தொடர் என்பார்கள்; அன்று அவர் அணி பல வருஷம் இரண்டு தொடர்களில் ஜெயித்தால் பட்டம், இன்று நான்கு தொடர்களில் ஜெயிக்க வேண்டும். அவன் சொன்ன கணக்கு சரிதான்.

கூட ஆடுகிறவர்கள் விஷயமும் உண்டு. 2021 ஏப்ரலில் மரேயின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அடுத்த சீசன் முழுக்க அவர் ஆடவே இல்லை. அணியின் இன்னொரு முக்கிய ஆட்டக்காரர் மைக்கேல் போர்ட்டர் முதுகு அறுவை சிகிச்சையால் ஒன்பது ஆட்டத்தோடு உட்கார்ந்துவிட்டார். வலது கையும் இடது கையும் இல்லாத அந்த அணியை வைத்துக்கொண்டு யோக்கிச் 48 ஆட்டங்களை ஜெயிக்க வைத்தார். எல்லாரும் உடம்பு சரியாக இருந்த 2023-இல் பட்டம் வந்தது. பட்டத்துக்கான அந்தத் தொடர்கள், அதாவது பிளே ஆஃப், முழுவதிலும் மொத்தப் புள்ளி, மொத்த ரிபவுண்ட், மொத்த அசிஸ்ட் மூன்றிலும் முதலிடம் அவருக்கே. அதற்கு முன் ஒருவரும் செய்யாதது. மியாமியில் நடந்த மூன்றாவது இறுதி ஆட்டம் நமக்குக் காலை ஆறு மணிக்கு வந்தது. 32 புள்ளி, 21 ரிபவுண்ட், 10 அசிஸ்ட் எடுத்துவிட்டு, ரேஷன் கடை வரிசையில் நின்று வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு நடந்து போனார். பட்டம் வாங்கியதும் அவருக்கு இருந்த கவலை, ஊருக்குப் போய்த் தன் பந்தயக் குதிரைகளைப் பார்ப்பது எப்போது என்பதுதான்.

இப்போது என் மனசுக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன், அவருடைய குறை. சென்டரின் முதல் வேலை வளையத்தைக் காப்பது. யோக்கிச் அதில் சுமார். சீசனின் சிறந்த தடுப்பாட்ட அணிகளில் அவர் பெயர் ஒரு முறையும் வந்ததில்லை. கை சுறுசுறுப்பு, பாஸ் எங்கே போகும் என்று முன்கூட்டியே தெரியும், ரிபவுண்டைப் பிடித்து எதிராளியின் முறையை முடித்து வைப்பார். எல்லாம் உண்மைதான். ஆனால் வேகமான கார்டு ஒருவர் அவர் மேல் ஓடி வந்தால் காலில் அந்தத் தாவல் இல்லை.

ஹக்கீமை நினைத்துப் பாருங்கள். நைஜீரியாவின் லாகோஸில் கால்பந்திலும் ஹேண்ட்பாலிலும் வளர்ந்து, பதினைந்து வயதுக்கு மேல் கூடைப்பந்தைத் தொட்டவர். எதிராளி எறிந்த பந்தைத் தட்டித் தடுக்கும் பிளாக் 3,830, இன்றுவரை அதுதான் சாதனை. 1994 சீசனில் மிகச் சிறந்த வீரர், சிறந்த தடுப்பாட்டக்காரர், இறுதித் தொடரின் சிறந்த வீரர் என்று மூன்று விருதையும் ஒரே வருஷத்தில் வாங்கியவர் அவர் ஒருவர்தான். அந்த வருஷ இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். ஹக்கீமின் ஹூஸ்டன் 86, நியூயார்க் 84. கடைசி விநாடிகள். நியூயார்க்கின் ஜான் ஸ்டார்க்ஸ் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே எழும்பி எறிகிறார். விழுந்தால் பட்டம் நியூயார்க்குக்கு. ஹக்கீம் பாய்ந்து வந்து, விரல் நுனியால் பந்தைத் தட்டினார். ஹூஸ்டன் ஜெயித்தது, ஏழாவது ஆட்டத்தில் பட்டமும் வந்தது. அந்த விரல் நுனி யோக்கிச்சிடம் கிடையாது.

நாற்காலிகளைப் போட்டுவிடலாம். முதலாவது கரீமுக்கு. ஆறு தடவை லீகின் சிறந்த வீரர். இறுதித் தொடரின் நாயகன் விருதை 1971-இல் ஒரு முறை வாங்கி, பதினான்கு வருஷம் கழித்து 1985-இல் 38 வயதில் மறுபடி வாங்கியவர். அவரை எழுப்ப ஆள் இல்லை. இரண்டாவது ரஸ்ஸல். எட்டு அணியோ என்னவோ, பதினொன்று பதினொன்றுதான். மூன்றாவது வில்ட். ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி, ஒரு முழு சீசனுக்கு 50.4 சராசரி. இதை எழுதும்போதுகூட நம்பத் தயக்கமாக இருக்கிறது.

நான்காவது நாற்காலிக்குத்தான் போட்டி. ஹக்கீம், ஷாக், யோக்கிச். 2000 முதல் 2002 வரை ஷாக்கை யாராலும் அசைக்க முடியவில்லை, ஆனால் ஆட்டத்தின் கடைசியில் எதிரணி அவரை வேண்டுமென்றே இடித்து ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு அனுப்பும். அங்கே பாதிதான் விழும். அவரைக் கொஞ்சம் பின்னால் நிறுத்துகிறேன். மிச்சம் இரண்டு பேர். இரண்டு புள்ளி முன்னிலையில் இருக்கிறோம், 24 விநாடி பாக்கி என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஹக்கீமைக் கூப்பிடுவேன். ஆட்டம் 48 நிமிஷம். மற்ற 47 நிமிஷத்துக்கு? உடன் ஆடும் நான்கு பேரையும் அவர்கள் தகுதிக்கு ஒரு படி மேலே ஆட வைக்கிறவர் வேண்டும். 2021 முதல் 2025 வரை ஐந்து வருஷமும் சிறந்த வீரருக்கான வாக்கெடுப்பில் யோக்கிச் முதல் இடம் அல்லது இரண்டாம் இடம். ஹக்கீமின் உச்சம் உயரம்தான், இத்தனை வருஷம் இறங்காமல் நிற்கவில்லை. எழுதிவைத்துக்கொள்ளுங்கள், நான்காவது நாற்காலி யோக்கிச்சுக்கு. சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் வலிக்கிறது.

இந்த உரைக்குத் தயாரானபோது அக்கா மகனுக்குப் போன் போட்டுச் சொன்னேன், உன் ஆளுக்கு இடம் கொடுத்துவிட்டேன் என்று. சந்தோஷப்படுவான் என்று பார்த்தால், "நாலாவதா? மூணாவது யாரு?" என்றான். வில்ட் என்றேன். "ஒன்பது டீம் இருந்த காலத்துல நூறு அடிச்சவரா? மாமா..." என்று ஆரம்பித்தான். அடுத்த பொங்கலுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று போனை வைத்துவிட்டேன்.

நன்றி, வணக்கம்.