பெட்டிமுடி குவி முதல் பன்னிமேடு குட்டி வரை: எங்கள் மலையின் நல்ல மனசுகள்

வணக்கம் மக்களே! மூணாறிலிருந்து பேசுகிறேன். ராஜமலைக்குப் போகிற சாலை ஓரத்தில் நிற்கிறேன். பின்னால் தெரிகிற பச்சை முழுக்கத் தேயிலை. மேகம் மூடியிருக்கிறதே, அந்தப் பாறைப் பக்கம்தான் வரையாடுகள் இருக்கும். காற்று பலமாக அடிக்கிறது, சத்தம் கலந்து வந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூணாறு என்றாலே யானை கடையை உடைத்தது, புலி மாட்டை அடித்தது என்றுதான் செய்தி வருகிறது. அது பொய்யில்லை. அந்தப் பயத்தோடுதான், லயம் என்கிற எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து எங்கள் பெண்கள் தினமும் கொழுந்து பறிக்கப் போகிறார்கள். ஆனால் இதே மலையில் மனிதர்களும் மிருகங்களும் ஒருவருக்கொருவர் செய்துகொள்கிற நல்லதும் இருக்கிறது. அது யார் காதுக்கும் போய்ச் சேருவதில்லை. இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறேன்.

குவி என்கிற நாயிலிருந்து தொடங்குகிறேன். 2020 ஆகஸ்ட் 6. விடாத மழை. ராத்திரி பத்தே முக்கால் மணி வாக்கில் மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மேல் விழுந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை. மறுநாள் காலையில்தான் வெளியுலகத்துக்கே விஷயம் தெரிந்தது. போனது 70 உயிர். அதில் நான்கு பேரின் உடல் கடைசிவரை கிடைக்கவே இல்லை. எல்லாம் நம் தமிழ்க் குடும்பங்கள். பல பேருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம்.

குவி அங்கே வளர்ந்த ஒரு சாதாரண நாட்டு நாய். சரிவில் காணாமல்போன இரண்டு வயதுக் குழந்தையோடு விளையாடித் திரிந்தது. வீடு போன பிறகும் அது அந்த இடத்தை விட்டு நகரவில்லை. மண்ணிலும் ஆற்றோரத்திலும் மோந்துகொண்டே சுற்றியது. எட்டாவது நாள், லயம் இருந்த இடத்திலிருந்து சில கிலோமீட்டர் கீழே, ஆற்றுக்குக் குறுக்கே மரம் விழுந்து கிடந்த இடத்தில் போய் நின்றுகொண்டு தண்ணீரையே பார்த்துக் குரைத்தது. தேடுகிற ஆட்கள் எத்தனையோ தடவை கடந்துபோன ஆறுதான். நாய் ஏன் இங்கேயே நிற்கிறது என்று யாரோ யோசித்து இறங்கிப் பார்த்தார்கள். குழந்தை அந்த மரத்தில்தான் சிக்கியிருந்தது.

இறங்கிப் பார்த்தார்களே, அது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. எட்டு நாள் மண்ணைத் தோண்டி, கை கால் ஓய்ந்து, தூக்கமில்லாமல் நிற்கிற மனிதர்கள். குரைக்கிற நாயைச் 'சூ, போ' என்று விரட்டியிருந்தால்கூட யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் அதன் பேச்சைக் கேட்டார்கள்.

அதற்கப்புறம் குவி சோறு தண்ணீர் இல்லாமல் சுருண்டு கிடந்தது. மோப்ப நாய்ப் பிரிவுப் போலீஸ்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கி, அனுமதி வாங்கித் தன்னோடு அழைத்துப் போனார். குடும்பத்தில் மிஞ்சியிருந்த பாட்டி ஆசைப்பட்டுக் கேட்டதால் 2021-ல் குவியை அவரிடமே கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தப் பாட்டிக்கு அந்த வீட்டிலிருந்து மிச்சமாகக் கிடைத்த உயிர் அது.

இந்தக் கதையைப் பகிர்கிறவர்கள் அதிசயம், அற்புதம் என்று எழுதுகிறார்கள். லயத்தில் வளர்ந்த எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் லயத்திலும் மணி என்று ஒரு நாய் இருக்கிறது. யார் வீட்டு நாய் என்று கேட்டால் பதில் கிடையாது, எல்லா வீட்டு நாயும்தான். மதியம் தேயிலைக் காட்டுக்குள் பெண்கள் டிபன் பாக்ஸைத் திறந்தால், கடைசி வாய்ச் சோறு மூடியில் அதற்கு. ஒரு வீட்டில் மீன் குழம்பு என்றால் முள்ளைக் களைந்துவிட்டுத்தான் போடுவார்கள். காலையில் செடிகளுக்குள் அது முன்னால் இறங்கும், பெண்கள் பின்னால். இடுப்பளவு செடிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மனிதக் கண்ணுக்குத் தெரியாது, அதற்குத் தெரியும். பாம்பென்றால் ஒரு குரைப்பு, பன்றி என்றால் வேறு குரைப்பு. எங்கள் அம்மா சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். கடைசி வாய்ச் சோற்றை வருஷக்கணக்காகக் கொடுத்த கை எது என்று ஒரு நாய்க்கு மறக்குமா?

நாய்க்குச் சோறு போடுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வருஷம் தவறாமல் அதற்கு வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டுவிடுங்கள். தெரு நாயாக இருந்தாலும் சரி. ஒருவேளை கடித்துவிட்டால், காயத்தை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். நாயிடம் பாசம் வைக்கிறோமே, அதில் இதுவும் சேர்த்தி.

மனிதர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஒரு ஜீப் சேட்டன் இருக்கிறார், மலையாளி. ஜீப்பின் பின்னால் 'பிரசவத்துக்கு இலவசம்' என்று தமிழில் எழுதியிருக்கும். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஏறுகிறவர்கள் நம் ஆட்கள், அவர்களுக்குப் புரிய வேண்டும் என்று என் சித்தப்பாவிடம் சொல்லி எழுதவைத்தார். ராத்திரி எத்தனை மணிக்குக் கதவைத் தட்டினாலும் வருவார். டீசல் காசை நீட்டினால், 'குட்டிக்கு ஒரு உடுப்பு வாங்கு சேச்சி' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

2024 ஜூலை 30, வயநாடு நிலச்சரிவு உங்களுக்கு நினைவிருக்கும். சூரல்மலையில் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அக்கரையில் காயம்பட்டவர்கள், நடுவில் பொங்கி ஓடுகிற ஆறு. நீலகிரி கூடலூர் செவிலியர் சபீனா அக்கா, மருந்துப் பெட்டியோடு கம்பிக் கயிற்றில் தொங்கியபடியே அக்கரைக்குப் போய்ச் சிகிச்சை கொடுத்தார். அந்த வருஷச் சுதந்திர தினத்தில் தமிழ்நாடு அரசு அவருக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்த துயரத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் ஓடிப் போனார் என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை.

அதே ராத்திரியில், இடிந்த வீட்டுக்குள்ளிருந்து பேத்தியை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறிய ஒரு பாட்டி, இருட்டில் காட்டு யானைகளுக்கு எதிரே போய் நின்றுவிட்டார். 'பெரிய ஆபத்திலிருந்து வருகிறோம், எங்களை ஒன்றும் செய்யாதே' என்று யானையிடம் கெஞ்சியதாகவும், விடியும்வரை அதன் காலடியிலேயே கிடந்ததாகவும், அது ஒன்றும் செய்யவில்லை என்றும் அவரே செய்தியாளர்களிடம் சொன்னார். யானையின் கண்ணில் நீர் வந்ததாம். நான் அதை அப்படியே நம்புகிறேன்.

வால்பாறைப் பக்கமும் வந்துவிடுவோம். 2023 டிசம்பர் கடைசியில், பன்னிமேடு எஸ்டேட் பக்கம் ஒரு யானைக்குட்டி கூட்டத்தை விட்டுப் பிரிந்து அலைந்தது. வனத்துறை ஆட்கள் டிரோன் பறக்கவிட்டுக் கூட்டம் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்தார்கள். மனித வாடை இருந்தால் தாய் ஒதுக்கிவிடுமோ என்று குட்டியைக் குளிப்பாட்டி, வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கூட்டத்துக்குப் பக்கத்தில் விட்டார்கள். அதோடு வீட்டுக்குப் போய்விடவில்லை. சேர்த்துக்கொண்டதா இல்லையா என்று பின்னாலேயே போய்க் கண்காணித்தார்கள். அப்போது எடுத்த படம்தான் ஊரெல்லாம் சுற்றியது: குட்டி தாயை ஒட்டிப் படுத்து அயர்ந்து தூங்குகிறது.

அந்த வால்பாறையில் இன்னொன்றும் உண்டு. எஸ்டேட் சாலைகளில் உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்குகள் வைத்திருக்கிறார்கள். யானை பக்கத்தில் நிற்பதைப் பார்த்தவர் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், விளக்கு மின்ன ஆரம்பித்துவிடும். தூரத்தில் வருகிறவர் பார்த்துவிட்டு நின்றுவிடுவார். 2011 முதல் போனுக்கு எஸ்எம்எஸ்ஸும் வருகிறது. இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்து ஆனந்தகுமார் குழுவின் உழைப்பு இது, 2015-ல் அவருக்குக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கான விட்லி விருதும் கிடைத்தது. ஆனால் பாருங்கள், தன் வழிக்குத் திரும்பிப் போகிற ஒருவர், முகம் தெரியாத இன்னொருவருக்காக நின்று அந்த மிஸ்டு காலைக் கொடுத்தால்தான் விளக்கு எரியும். அப்படிக் கொடுக்கிற தொழிலாளி அக்கா ஒருவரிடம் பேசிவிட்டேன், வரச் சொல்லியிருக்கிறார். அடுத்த வீடியோ வால்பாறையிலிருந்து. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு ஆளோ, நாயோ, மாடோ இருந்தால் கமென்டில் எழுதுங்கள். வரட்டுமா மக்களே, மழை ஆரம்பித்துவிட்டது.