மஞ்சள் ஜெர்சியை கிம் விட்டுக்கொடுத்தாரா?

சரி, அடுத்த கேள்வி. இங்கே மொரீசியஸில், ரோஸ் ஹில்லில் இருந்து ஒரு அக்கா வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பியிருக்கிறார். நீளமான பதிவு, பின்னால் குக்கர் விசில் எல்லாம் கேட்கிறது, அதனால் சுருக்கிச் சொல்கிறேன். "2025 பெண்கள் டூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் நம் ஊர் கிம்பர்லி லெ கூர் மஞ்சள் ஜெர்சி போட்டிருந்தார். அவர்தான் ஜெயிக்கப் போகிறார் என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தோம். கடைசிக்கு முந்தின நாள் ஜெர்சி போய்விட்டது. அன்றைக்கு அவர் தன் அணியில் வேறு ஒரு பெண்ணுக்காக முன்னால் போய் இழுத்துக்கொண்டிருந்தார். முதலிடத்தில் இருப்பவர் ஏன் இன்னொருவருக்கு உழைக்க வேண்டும்? விட்டுக்கொடுத்துவிட்டாரா? என் மகன் கேட்கிறான், எனக்குப் பதில் தெரியவில்லை."

அக்கா, விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஜெர்சி அன்று எப்படியும் போயிருக்கும், அவருக்கும் தெரியும், அவர் அணிக்கும் தெரியும். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வர வேண்டும்.

முதலில் இந்த மாய்யோ ஜோன், மஞ்சள் ஜெர்சி. நாமெல்லாம் கால்பந்து பார்த்து வளர்ந்தவர்கள், அதனால் மஞ்சள் போட்டால் பாதி கோப்பை கைக்கு வந்த மாதிரி நினைத்துக்கொள்கிறோம். அது கடைக்காரர் நோட்டு மாதிரி. இன்று மாலை வரை யாருடைய மொத்த நேரம் குறைவோ, அவர் நாளைக்கு மஞ்சள் போடுவார், அவ்வளவுதான். 2025இல் ஒன்பது நாள் பந்தயம், நாளுக்கு ஒரு ஓட்டம், அதற்குக் கட்டம் என்று பேர். பிரிட்டனி பக்கம் வான் நகரத்தில் ஜூலை 26 தொடங்கி ஆல்ப்ஸ் மலையில் ஷாத்தெல் என்ற ஊரில் ஆகஸ்ட் 3 முடிந்தது. முதல் பாதி மேடும் பள்ளமுமான சாலை, பெரிய மலைகளெல்லாம் கடைசியில். அப்படியென்றால் முதல் பாதியில் மஞ்சள் போடுகிற ஆளும் கடைசியில் போடுகிற ஆளும் பெரும்பாலும் ஒருவராக இருக்க மாட்டார்கள்.

இப்போது கிம் என்ன செய்தார் என்று பாருங்கள். முதல் நாள் மரியான் வோஸ் ஜெயித்தார், கிம் மூன்றாவது. இரண்டாம் நாள் கேம்பர் ஊரில் மாவி கார்சியா ஜெயித்தார், கிம் மறுபடியும் மூன்றாவது. ஒவ்வொரு நாளும் முதல் மூன்று பேருக்கு 10, 6, 4 விநாடி என்று மொத்த நேரத்தில் கழித்துவிடுவார்கள், அதற்குப் போனஸ் என்று பேர். இரண்டு நாள் முடிந்தபோது வோஸுக்கும் கிம்முக்கும் நேரம் விநாடி பிசகாமல் ஒன்று! அப்படி ஆனால் ஒவ்வொரு நாளும் எத்தனையாவதாக வந்தார்கள் என்று கூட்டிப் பார்ப்பார்கள், அதில் கிம் மேலே, ஜெர்சி அவருக்கு. மூன்றாம் நாள் வோஸ் இரண்டாவதாக வந்து ஆறு விநாடி வாங்கினார், ஜெர்சி அங்கே போய்விட்டது. நான்காம் நாளும் வோஸ் இரண்டாவது, இன்னொரு ஆறு. இரண்டு நாளும் ஜெயித்தது லொரேனா வீபெஸ், அவர் வேறு உலகம், சமதளத்தில் கடைசி 200 மீட்டர் இருந்தால் போட்டியே முடிந்த மாதிரி.

விநாடிக்கெல்லாம் சண்டையா என்று உங்கள் மகன் கேட்டால், 2024ஐச் சொல்லுங்கள். எட்டுக் கட்டம் ஓட்டி முடித்த பிறகு காசியா நியேவியாடோமா டெமி வோலரிங்கை ஜெயித்தது நான்கே நான்கு விநாடியில்.

ஐந்தாம் நாள்தான் நம் நாள். ஏறக்குறைய 166 கிலோமீட்டர், அந்த வருடத்தின் மிக நீளமான கட்டம், கெரே என்ற ஊரில் முடிந்தது, கடைசியில் சின்னச் சின்ன மேடுகள். இங்கே நமக்கு பிரான்ஸைவிட இரண்டு மணி நேரம் முன்னால் அல்லவா, அதனால் இருட்டிவிட்டது. என் தங்கை வீட்டில் காதோ பிமாங் பொரித்துக்கொண்டிருந்தார்கள் (நம் பருப்பு வடையேதான், பேர் மட்டும் கிரியோல்), அடுப்பை அணைக்காமல் எல்லோரும் டிவி முன்னால் வந்து நின்றுவிட்டார்கள். வோலரிங்கும் ஆனா வான் டெர் ப்ரெகனும் பக்கத்தில், இரண்டு பேரும் இந்த விளையாட்டில் பெரிய பந்தயங்களை ஜெயித்துப் பார்த்தவர்கள், அவர்களைக் கடைசி வேகப் பாய்ச்சலில், அதாவது ஸ்பிரிண்டில், தாண்டிப் போனார் கிம். ஒரு சட்டி முழுக்கக் கருகிப் போனது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. டூரில் ஒரு கட்டம் ஜெயித்த முதல் ஆப்பிரிக்கப் பெண் அவர், மஞ்சளும் திரும்ப வந்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அவர் ஜெயிக்கிற இடமெல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஏப்ரலில் பெல்ஜியத்தில் லியேஜ்–பாஸ்தோன்–லியேஜ் ஜெயித்தாரே, அதுவும் இதே ரகம்தான். 150 கிலோமீட்டருக்கு மேல், ஒரு கிலோமீட்டர், ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள செங்குத்தான மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக, கடைசியில் நான்கு பேர் மிச்சம்: புக் பீடெர்சே, வோலரிங், செட்ரின் கெர்பவோல், நம் கிம். நான்கு பேரில் வேகமாக முடித்தது நம்மவர். மொனுமான் என்று சொல்கிற பழைய பெரிய ஒருநாள் பந்தயங்கள் ஆண்களுக்கு ஐந்து, பெண்களுக்கு அதில் நான்கு நடக்கிறது. அந்த வருடம் சான் ரெமோ நெதர்லாந்தின் வீபெஸுக்கு, ஃப்ளாண்டர்ஸ் பெல்ஜியத்தின் லோத்தே கோபெக்கிக்கு, ரூபே பிரான்ஸின் பொலீன் ஃபெரான்-ப்ரெவோவுக்கு, லியேஜ் மொரீசியஸுக்கு. முதல் மூன்றும் சைக்கிளிலேயே பிறந்து வளர்ந்த நாடுகள். நாம் மொத்தமே பன்னிரண்டு லட்சத்துச் சொச்சம் பேர். மொனுமான் ஒன்றை ஆப்பிரிக்கர் ஒருவர் ஜெயித்தது அதுதான் முதல் தடவை, ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அடுத்த வாரம் கோயிலில் இதைச் சொன்னபோது ஒருவர் "எந்த கிம்?" என்று கேட்டார், அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த ரகத்து ஓட்டுநருக்கு மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் வெடித்துப் போகிற சக்தி உண்டு, முடிவில் ஸ்பிரிண்டும் உண்டு. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரே மலையில் ஏறுவது வேறு உடம்பு. நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். கேஸ் நுவாயாலில் இருந்து சாமாரெல் ஏறுகிற ரோடு தெரியும் இல்லையா, காரே முதல் கியரில் முனகும். அதில் என் அக்கா மகனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறினேன். அவன் ஒல்லி, ஊதினால் பறந்துவிடுவான், நான் எப்படி என்று திரையிலேயே தெரியும். முதல் வளைவு வரை நான்தான் முன்னால், கால் பலம். இரண்டாவது வளைவில் பக்கத்தில் வந்தான், பேசிக்கொண்டே வந்தான், எனக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. அப்புறம் அவன் முதுகுகூடத் தெரியவில்லை. ஏற்றத்தில் சைக்கிளை மட்டுமா தூக்குகிறோம், நம்மையும் சேர்த்துத்தானே தூக்குகிறோம், அதனால் ஒவ்வொரு கிலோவுக்கும் எவ்வளவு சக்தி என்பதுதான் கணக்கு. திரும்பி இறங்கும்போது அவனைப் பிடித்துவிட்டேன், அது வேறு கதை.

இல்லை, வேறு கதை இல்லை, அதே கதைதான். ஏழாம் நாள் ஷாம்பேரிக்குப் போகிற வழியில் கிரானியே என்ற மலை. ஒன்பது கிலோமீட்டர் ஏற்றம். அதில் மஞ்சள் ஜெர்சியோடு கிம் பின்தங்கிவிட்டார், தொலைந்தது என்று நினைத்தேன். அப்புறம் உச்சியில் இருந்து இறக்கம். அந்த இறக்கத்தை மட்டும் தேடிப் பாருங்கள், அக்கா. வளைவுக்கு முன்னால் மற்றவர்கள் பிரேக்கைத் தொடுகிற இடத்தில் இவர் உடம்பைச் சாய்த்து, கை ஹேண்டில்பாரின் கீழ்ப்பிடியில், கண் மட்டும் வளைவின் அந்தப் பக்கம். கீழே வருவதற்குள் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டார், ஜெர்சி தப்பியது. இது எங்கே இருந்து வந்தது என்றால் மவுண்டன் பைக். ஐரோப்பாவில் முன்பே ரோடு ஓட்டிப் பார்த்துவிட்டு, தென்னாப்பிரிக்கப் பக்கம் வந்து கல்லிலும் மண்ணிலும் வருடக்கணக்காக ஓட்டியவர். 2023இல் நமீபியாவின் வேரா லூசரோடு ஜோடி சேர்ந்து கேப் எபிக் ஜெயித்தார், அது எட்டு நாள் மண் ரோட்டுப் பந்தயம். 2024இல் தான் ஏஜி இன்சூரன்ஸ்–சூடல் அணி மூலம் மறுபடி பெரிய ரோடு பந்தயத்துக்கு வந்தார், வந்த வருடமே இத்தாலியச் சுற்றின் கடைசிக் கட்டத்தை லாக்குயிலாவில் ஜெயித்தார்.

இப்போது எட்டாம் நாள், உங்கள் கேள்வி. கோல் த லா மதலேன். 18 கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம், சராசரி எட்டு சதவீதம், உச்சி ஏறத்தாழ 2000 மீட்டர். நம் தீவில் மிக உயரமான இடம், பிளாக் ரிவர் சிகரம், 828 மீட்டர். அதன் மேல் இன்னொன்றை அடுக்கினாலும் மதலேன் வராது! அங்கே கிம் ஜெயிக்க வழியில்லை. ஆனால் அதே அணியில் சாரா ஜிகாண்டே இருக்கிறார், ஆஸ்திரேலியப் பெண், மலைக்காகவே பிறந்த உடம்பு, அதற்கு முந்தின மாதம்தான் இத்தாலியச் சுற்றில் இரண்டு மலைக் கட்டம் ஜெயித்து மொத்தத்தில் மூன்றாவதாக வந்தவர். அவருடைய குறை என்ன? இறக்கம், நெருக்கமான கூட்டம். கிம்முடைய பலம் என்ன? அதே இரண்டும். ஆக, மலை அடிவாரத்துக்கு ஜிகாண்டேவைப் பத்திரமாக முன்வரிசையில் கொண்டுவந்து சேர்க்க அந்த அணியில் கிம்மைவிடச் சரியான ஆள் கிடையாது.

இழுப்பது என்றால் என்ன என்று மகனுக்குப் புரிய வைக்க, பெல் மார் கடற்கரை ரோட்டுக்குக் கூட்டிப் போங்கள். தென்கிழக்குக் காற்று முகத்தில் அடிக்கும்போது தனியாக ஒரு கிலோமீட்டர் ஓட்டச் சொல்லுங்கள், அப்புறம் பெரிய ஆள் ஒருவர் பின்னால் ஒரு முழம் தள்ளி ஒட்டிக்கொண்டு ஓட்டச் சொல்லுங்கள். (கரும்பு லாரி பின்னால் வேண்டாம், தயவுசெய்து.) மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகும். முன்னால் போகிறவர் அந்தப் பங்கைத் தன் காலில் இருந்து கொடுக்கிறார். காவடி எடுக்கிறவர் பக்கத்திலேயே தண்ணீர், எலுமிச்சை, விசிறி என்று ஒரு தம்பியோ மாமாவோ வருவார்கள் இல்லையா, அவர்களுக்கும் கால் சுடும்தானே, அந்த மாதிரி. வித்தியாசம் என்னவென்றால் மஞ்சள் உடையில் இருக்கிறவரே அன்று விசிறி பிடித்தார். அதைப் பார்க்க எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

பலன் என்ன ஆனது? ஜிகாண்டே அந்த மலையில் இரண்டாவதாக வந்தார். முதலாவது ஃபெரான்-ப்ரெவோ, ஒன்றே முக்கால் நிமிடம் முன்னால். அவரும் மவுண்டன் பைக் ஆள்தான், பாரிஸ் ஒலிம்பிக்கில் அதில் தங்கம் வாங்கிவிட்டு, மூன்று வருடத்துக்குள் டூர் ஜெயிப்பேன் என்று ரோடுக்குத் திரும்பியவர், முதல் வருடமே ஜெயித்துவிட்டார். உடம்பு எடையைக் குறைத்து வந்தார் என்று பெரிய விவாதம் நடந்தது, அதற்குள் நான் இப்போது போகவில்லை. கடைசி நாளும் அவரே ஜெயித்தார், மொத்தத்தில் இரண்டாவது வோலரிங்கைவிட 3 நிமிடம் 42 விநாடி முன்னால். ஜிகாண்டே கடைசி நாள் இறக்கத்தில் நேரத்தை விட்டு ஆறாவதாக இறங்கிவிட்டார், பாவம். அன்று அணியின் கணக்கு தப்பியது. ஆனால் எட்டாம் நாள் போட்ட கணக்கு சரிதான் என்பேன். கிம்மை மட்டும் நம்பி மதலேன் ஏறியிருந்தால் கையில் எதுவும் மிஞ்சியிருக்காது.

இன்னொரு தம்பி இதோடு சேர்த்துக் கேட்டிருக்கிறார், பரிசுப் பணம் எவ்வளவு என்று. பெண்கள் டூர் ஜெயித்தவருக்கு 50,000 யூரோ, ஆண்களுக்கு 5,00,000. ஆமாம், பத்தில் ஒன்று. ஆண்களுக்கு 21 கட்டம், இவர்களுக்கு ஒன்பது என்பார்கள். 21ஐ ஒன்பதால் வகுத்தால் பத்து வருமா என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அந்தப் பணத்தையும் அணிக்குள் பங்கு போட்டுக்கொள்வதுதான் வழக்கம், இழுத்தவர்களுக்கும் சேர்த்து.

அக்கா, மகனிடம் சொல்லுங்கள், கிம் மஞ்சள் போட்டு ஓட்டியது நான்கு நாள்: மூன்றாம் நாள், ஆறு, ஏழு, எட்டு. நான்கையும் எழுதி வைத்துக்கொள்ளட்டும், பள்ளிக்கூடத்தில் யாராவது இரண்டு என்றால் சண்டை போடலாம். நேரம் கிடைத்தால் செப்டம்பரில் கிகாலியில் நடந்த உலகப் போட்டியையும் பார்க்கட்டும், ஆப்பிரிக்காவில் அது நடந்தது முதல் தடவை, யாரும் எதிர்பார்க்காத கனடாப் பெண் மக்தலேன் வல்லியேர் ஜெயித்தார். அதைப் பற்றித் தனியாகப் பேசலாம்.

அடுத்தது... டயரில் எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.