ராமாபிதிகஸ் எங்கே போனார்?

நடுவர் அவர்களே, வேலூர்ப் பெருமக்களே, வணக்கம். ஆதிமனிதப் பெயர்களை மாற்றிக்கொண்டே இருப்பது வளர்ச்சியா, குழப்பமா? வளர்ச்சியே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். வட ஆர்க்காட்டை 1989ல் பிரித்தார்கள், 2019ல் வேலூரை மூன்றாக்கினார்கள், மனு எழுதுகிறவர் மாவட்டப் பெயரை அடித்து எழுதியே ஓய்ந்தார். மனிதக் கிளையில் வந்தவர்களைக் குறித்த 'ஹோமினிட்' என்ற பெயர் 'ஹோமினின்' ஆனதும் அதே கூத்துதான் என்றார். ஐயா, மாவட்டம் பிரிய ஓர் அரசாணை போதும். இங்கே ஆணை போட்டது மரபணு.

பழைய கணக்கில் மனிதனும் இரண்டு காலில் நடந்த அவன் முன்னோரும் ஹோமினிடே குடும்பம். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் மூன்றும் பொங்கிடே. மரபணுவைப் பார்த்தால் சிம்பன்சிக்கு நெருங்கிய பங்காளி கொரில்லா அல்ல, நாம்! அப்புறம் நம்மை மட்டும் எப்படித் தனியே நிறுத்துவது? ஹோமினிடே விரிந்து எல்லோரையும் சேர்த்துக்கொண்டது. நம் கிளைக்கு ஹோமினினி என்ற உட்பிரிவு. அதில் வருபவர் ஹோமினின். சிம்பன்சியையும் அதற்குள் வைப்போர் இன்றும் உண்டு. அந்த இடத்தை எதிரணிக்கு விட்டுக்கொடுக்கிறேன்.

ஆனால் ஒரு காலத்தில் நம் முன்னோர் என்று சொல்லப்பட்ட ராமாபிதிகஸை விடமாட்டேன். 1932ல் சிவாலிக் மலையில், இன்றைய இமாசலத்தின் ஹரிதல்யங்கரில், புதைபடிவ ஆய்வாளர் லூயிஸ் கண்டெடுத்தது அதன் மேல்தாடையின் ஒரு பக்கம். நடுக்கோடு இல்லை. மறுபக்கத்தை உத்தேசமாக வரைந்து சேர்த்ததும் பல்வரிசை மனிதனைப் போல வளைந்தது! 1960களில் எலும்பு ஆய்வாளர்கள் சைமன்ஸும் பில்பீமும் இதை ஹோமினிட் என்றார்கள். நம் கிளை பிரிந்து 1.4 கோடி ஆண்டாவது இருக்கும் என்று கணக்கு. 1967ல் சாரிச்சும் வில்சனும் இரத்தத்தின் ஆல்புமின் புரதத்தை ஒப்பிட்டு, சுமார் 50 லட்சம் ஆண்டுதான் என்றபோது எலும்பு ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. பிறகு பாகிஸ்தானின் பொட்வார் மேட்டில் சிவாபிதிகஸ் என்ற பழங்கால வாலில்லாக் குரங்கின் முகமே கிடைத்தது. நெட்டையான கண்குழிகள், இடையே குறுகிய எலும்பு, குழிந்த முகம்: ஒராங்குட்டான் சாயல். 1982ல் அதை வெளியிட்டவர் அதே பில்பீம்! இரண்டும் ஒன்றே என்றானதும், 1910லேயே வைத்த பெயர் என்பதால் முன்னுரிமை விதிப்படி சிவாபிதிகஸ் நின்றது. ராமாபிதிகஸ் அதில் கரைந்தார்.

பழைய நூல் கிடைத்தால் பதிப்பாண்டைப் பாருங்கள். 1990க்கு முந்தியதென்றால் 'ஹோமினிட்' வரும் இடத்தில் பெரும்பாலும் 'ஹோமினின்' என்று படித்துக்கொள்ளலாம். ராமாபிதிகஸ் பக்கத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. பெயரில் கை வைக்காமல் இருந்திருந்தால், ஒராங்குட்டானின் சொந்தக்காரரை நம் பாட்டன் என்று பிள்ளைகள் இன்றும் பரீட்சையில் எழுதிக்கொண்டிருப்பார்கள். அதற்கு மதிப்பெண் போடுவீர்களா, எதிரணியினரே?