2030-இல் காலாவதியாகும் மருந்து 1930-லேயே காலாவதியானது எப்படி?

(திரையில்: மாத்திரை அட்டையின் பின்புறம்; காலாவதித் தேதி 03/2030 என்ற அச்சு பெரிதாகத் தெரிகிறது.)

மருந்துக் கடைக்குப் புதிதாக வந்திறங்கிய இந்த மாத்திரையை, அந்தக் கடையின் பழைய பில்லிங் மென்பொருள் விற்க மறுக்கிறது. அதன் கணக்குப்படி இம்மருந்து 1930 மார்ச் மாதத்திலேயே காலாவதியாகிவிட்டது.

வணக்கம். கிளிப்பர், ஃபாக்ஸ்புரோ என்ற பழைய நிரலாக்க மொழிகளில் எழுதப்பட்ட அக்கால மென்பொருள்கள் பலவற்றில் ஆண்டுக்கு இரண்டு இலக்கங்களை மட்டுமே தட்ட முடியும். 00 என்று தட்டினால் 1900 என்று எடுத்துக்கொள்ளும் என்பதால், 2000 நெருங்கியபோது அவற்றைத் திருத்தியாக வேண்டிய நிலை வந்தது. பழைய கதை அவ்வளவுதான்; திருத்திய விதம்தான் இன்று நம்மைத் தொடுகிறது.

கிளிப்பரில் 'செட் எப்போக் டு 1930' என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். அதன்பின் 30 முதல் 99 வரை தட்டினால் 1900-களாகவும், 00 முதல் 29 வரை தட்டினால் 2000-களாகவும் மென்பொருள் எடுத்துக்கொள்ளும். எக்செலும் நெடுங்காலமாக இதே 29-இல்தான் எல்லைக் கோடு போட்டிருந்தது.

(திரையில்: பழுப்பேறிய கடித உறை.)

இந்தக் குழப்பத்தைத் தமிழர்களுக்கு விளக்குவது எளிது. ஏனெனில் நம் ஆண்டுப் பெயர்களும் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வருகின்றன. வீட்டுப் பரணில் கிடைத்த ஒரு கடிதத்தில் 'குரோதி வருடம், ஆவணி 5' என்று மட்டும் இருந்தால், அது 1904-ஆம் ஆண்டாகவும் இருக்கலாம், 1964-ஆம் ஆண்டாகவும் இருக்கலாம், அண்மையில் கடந்துபோன 2024-ஆகவும் இருக்கலாம். உறையின் தபால் தலையில் எட்வர்ட் மன்னரின் முகம் இருந்தால் 1904 என்று நாம் தயங்காமல் சொல்லிவிடுவோம். பழைய கிரயப் பத்திரம் எழுதியவர்கள் அந்தச் சிரமத்தையும் நமக்கு வைக்காமல், தமிழ் ஆண்டின் பெயருக்குப் பக்கத்திலேயே ஆங்கில ஆண்டையும் நான்கு இலக்கத்தில் எழுதிவைத்தார்கள். அந்த முன்யோசனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. மென்பொருளுக்கோ பார்ப்பதற்குத் தபால் தலையும் இல்லை, பக்கத்தில் எழுதிய ஆண்டும் இல்லை. 30 என்ற எண்ணும், யாரோ எப்போதோ போட்ட கோடும் மட்டுமே இருக்கின்றன.

2030 இன்னும் பிறக்கவில்லையே என்று கேட்கலாம். விற்பனைத் தேதி இன்றையது; காலாவதித் தேதியோ சில ஆண்டுகள் முன்னே ஓடுகிறது. ஆகவே அந்த எல்லைக் கோட்டை முதலில் தாண்டுவது மருந்துக் கடைதான்.

நான் அஞ்சுவது கடைக்காரர்கள் கண்டுபிடிக்கும் குறுக்கு வழிகளைப் பற்றித்தான். 03/30-க்குப் பதிலாக 12/29 என்று தட்டிவிட்டால் பில் வந்துவிடும். ஆனால் அட்டையில் ஒரு தேதியும் கணக்கில் வேறொரு தேதியும் நின்றுவிடும். காலாவதிச் சோதனையையே நிறுத்திவைப்பது அதைவிடக் கொடியது. உண்மையிலேயே கெட்டுப்போன மருந்து ஒரு நோயாளியின் கைக்குப் போவதைத் தடுக்க அதன்பின் அந்தக் கணினியில் எதுவும் இராது. தயவுசெய்து இவ்விரண்டையும் செய்யாதீர்கள்.

(திரையில்: டிபிஎஃப் கோப்பின் ஒரு வரி, 19300331.)

கடையின் தரவு இருக்கும் இந்த டிபிஎஃப் கோப்பு, ஆண்டுக்கு நான்கு இலக்கம் உட்பட எட்டு இலக்கத்தில்தான் தேதியைச் சேமிக்கிறது. இடம் போதவில்லை என்பது சிக்கல் அல்ல; தட்டும்போது ஆண்டுக்கு இரண்டே இலக்கம் கேட்பதுதான் சிக்கல். முதலில் எல்லா டிபிஎஃப் கோப்புகளையும் பென் டிரைவில் நகலெடுத்து, அந்த நகலில் மட்டும் சோதியுங்கள். மென்பொருளை எழுதிய மூல நிரல், அதாவது சோர்ஸ் கோட் இருந்தால், ஆண்டை நான்கு இலக்கத்தில் கேட்கும்படி மாற்றி, மறுபடி கம்பைல் செய்து இயங்கும் மென்பொருளாக்குவதே சரியான வழி. எல்லைக் கோட்டை 1950-க்குத் தள்ளுவதும் வேலை செய்யும்; ஆனால் 1948-இல் பிறந்த வாடிக்கையாளரின் பிறந்த ஆண்டை 48 என்று தட்டினால் அது 2048 ஆகிவிடும். ஏற்கெனவே தவறாகப் பதிந்தவற்றைத் திருத்தும்போதும் காலாவதிப் பத்தியில் மட்டும் நூறு ஆண்டுகளைக் கூட்டுங்கள். பிறந்த தேதிப் பத்தியில் 1935 என்பது உண்மையாகவே 1935-ஆக இருக்கலாம். சோர்ஸ் கோட் தொலைந்துபோயிருந்தால், தரவை வெளியே எடுத்துப் புதிய மென்பொருளுக்கு மாறும் வேலையை இந்த நிதியாண்டிலேயே தொடங்கிவிடுங்கள்.

இன்றிரவு கடை சாத்துவதற்கு முன், நகல் எடுத்த கோப்பில் 31/03/30 என்று ஒரு தேதியைப் பதிந்து, காலாவதித் தேதி வரிசைப்படி எடுத்த பட்டியலில் அந்த மருந்து முதல் வரியில் நிற்கிறதா, கடைசி வரியில் நிற்கிறதா என்று பாருங்கள்; முதல் வரி என்றால் மென்பொருள் அதை 1930 என்று எடுத்துக்கொண்டது என்று பொருள். எந்த வரியில் நின்றது என்பதைக் கீழே கருத்துப் பகுதியில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் நான் படிக்கிறேன்.