டர்போ டீசல்ல கீழ இழுவை இல்லையே, ரீமேப் பண்ணலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம் மக்களே. வந்த கேள்விங்கள்ல ஒண்ணு மூணு நாளா மனசுக்குள்ளயே சுத்திக்கினு இருந்துச்சு. இன்னைக்கு அதை மட்டும் பேசிடலாம். திருவொற்றியூர்லேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணே, என்கிட்ட பழைய மஹிந்திரா தார் ஜீப், 2.5 லிட்டர் சிஆர்டிஇ டீசல் இஞ்சின், ஃபோர் வீல் டிரைவ். லிஃப்ட் பண்ணி, அதாவது வண்டியை உயரம் தூக்கி, 33 இன்ச் டயர் போட்டேன். அதுலேர்ந்து கீழ ஆர்பிஎம்ல (இஞ்சின் மெதுவா சுத்துறப்ப) இழுவையே இல்ல. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல கன்டெய்னர் லாரி பின்னாடி ஊர்ந்து போறப்ப வண்டி செத்துப்போவுது. ரீமேப் (இஞ்சின் கம்ப்யூட்டர்ல செட்டிங்கை மாத்துறது) பண்ணலாமா, பெரிய டர்போ போடலாமா?"

தம்பி, பெரிய டர்போவை மொதல்ல மறந்துடுங்க. ஏன்னு சொல்றேன்.

நம்ம வீடியோவைத் தொடர்ந்து பார்க்கிறவங்களுக்கு ஊதாங்குழல் கதை தெரியும். இருந்தாலும் திரும்பச் சொல்றேன், இதுக்குப் பதிலே அதுலதான் இருக்குது. காசிமேட்டுல எங்க ஆயா மண் அடுப்புல மீன் குழம்பு வைக்கும். அடுப்பு எரியலன்னு சவுக்குக் கட்டையா மேல மேல சொருவுனா இன்னா ஆகும்? புகைதான். கண்ணு எரியும், குழம்பு கொதிக்காது. ஆயா வந்து ரெண்டு கட்டையை வெளிய இழுத்துட்டு, ஊதாங்குழலை எடுத்து நாலு ஊது ஊதும். குப்புன்னு புடிச்சுக்கும். டீசல் இஞ்சினும் அப்படித்தான். கட்டைதான் டீசல், ஊதாங்குழல்தான் டர்போ. ஆனா இங்க குழலை ஊதறதுக்கு ஆயா இல்ல. அடுப்புலேர்ந்து வெளிய போற புகையே ஊதணும். சைலன்சர் பக்கம் போற சூட்டுக்காத்து ஒரு சக்கரத்தைச் சுத்தும், அதே தண்டுல அந்தாண்ட இருக்கிற சக்கரம் வெளிக்காத்தை அமுக்கி இஞ்சினுக்குள்ள தள்ளும். சுவிட்சர்லாந்து இஞ்சினியர் ஆல்ஃபிரட் பூக்கி 1905லயே இதுக்குப் பேட்டன்ட் வாங்கிட்டாரு. ஆனா ஒரு சிக்கல் இன்னும் கூடவே வருது: அடுப்பு நல்லா எரிஞ்சாத்தான் குழல் ஊதும், குழல் ஊதுனாத்தான் அடுப்பு நல்லா எரியும்.

ஆயிரம், ஆயிரத்து இருநூறு ஆர்பிஎம்ல வெளிய போற காத்து கம்மி. டர்போ தூங்கிக்கினு இருக்கும். அந்த நேரத்துல ரீமேப் இன்னா பண்ணும்? டீசலைக் கூட்டிக் குடுக்கும். காத்து எங்க இருக்குது? கட்டையைச் சொருவுன கதைதான், பின்னாடி கரும்புகை, உள்ள சூடு. பெரிய டர்போ போட்டா அந்தப் பெரிய சக்கரத்தைச் சுத்த இன்னும் நிறைய காத்து வேணும், அப்ப இன்னும் லேட்டாத்தான் முழிக்கும். மேல ஆர்பிஎம்ல பறக்கும், ஒத்துக்கிறேன். நீங்க கேட்டது கீழ.

இப்ப உங்க டயருக்கு வரேன். அந்த தார் கம்பெனியிலேர்ந்து வர்றப்ப 235/70 ஆர்16 டயர். உயரம் கணக்குப் போட்டா 29 இன்ச். நீங்க போட்டது 33. அதே வேகத்துல போறதுக்கு முன்ன இஞ்சின் 2000 சுத்துச்சுன்னா இப்ப 1760 பக்கம்தான் சுத்தும். அந்த இஞ்சினோட முழு டார்க் (சுத்துற பலம்), 247 நியூட்டன் மீட்டர், எங்க வருது தெரியுமா? 1800லேர்ந்து 2000க்குள்ள. பார்த்தீங்களா? டர்போ முழிச்சுக்கினு இருந்த இடத்துலேர்ந்து நீங்களே வண்டியைக் கீழ இறக்கி, தூங்குற இடத்துல விட்டுட்டீங்க. அதுக்கு மேல, சக்கரம் பெருசானதால ரோட்டைத் தள்ளுற பலமும் கொறையுது. 100 கிலோ தள்ளுன எடத்துல 88 கிலோதான். இஞ்சின் அப்படியேதான் இருக்குது தம்பி, எதுவும் கெடல.

ஆனா டயர்தான் காரணம்னு சொல்லிட்டு நான் எந்திரிச்சுப் போக மாட்டேன். கொஞ்ச நாள் முன்னாடி ஒருத்தர் வந்தாரு. அவர் வண்டியும் ஃபோர் வீல்தான், ஸ்டாக் டயர். இழுவை இல்லன்னு எங்கயோ ட்யூனிங் பாக்ஸ் (டீசலைக் கூட்டிக் குடுக்க வெக்கிற எலெக்ட்ரானிக் டப்பா) மாட்டி, அதுலயும் சரியாவாம, மூஞ்சி வாடிப்போய் வந்தாரு. கவலையா இருந்துச்சு எனக்கு, அவ்ளோ செலவு. பானட்டைத் தூக்கினேன். டர்போவுலேர்ந்து இன்டர்கூலருக்கு (அமுக்குன சூட்டுக்காத்தைக் குளிர வைக்கிற ரேடியேட்டர்) போற ரப்பர் ஹோஸ், கிளிப்புக்கு அடியில எண்ணெய்ப் பிசுக்கு. வண்டி நிக்கிறப்ப ஒண்ணும் தெரியாது. டர்போ வாய்ல மூடி போட்டு, கம்ப்ரெஷர்லேர்ந்து ஒரு பார் காத்து குடுத்து சோப்புத் தண்ணி தெளிச்சேன். நுரை நுரையா வருது, ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். ஊதாங்குழல்ல ஓட்டை இருந்தா ஆயா எவ்ளோ ஊதி இன்னா பிரயோஜனம்? ஹோஸை மாத்தி, பாக்ஸைக் கழட்டி கையில குடுத்து அனுப்புனேன்.

அதனால காசு செலவு பண்றதுக்கு முன்னாடி இதெல்லாம் பார்த்துடுங்க. ஹோஸ், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், திறந்தபடியே மாட்டிக்கின ஈஜிஆர் வால்வு (கொஞ்சம் புகையைத் திரும்ப இஞ்சினுக்குள்ள விடறது), வெடிச்சுப்போன வேக்குவம் டியூப். விஜிடி டர்போ (உள்ள சின்ன இறக்கைங்க அசைஞ்சு புகை வர்ற வழியைக் கூட்டிக் கொறைக்கிற டர்போ) இருக்கிற வண்டின்னா கரி புடிச்சு இறக்கை சிக்கிக்கும், அதையும்.

நீங்க கேக்காத ஒண்ணைச் சொல்லட்டா? எந்த கியர்ல போறீங்க? எனக்கு இதைக் கேக்கணும்னுதான் மூணு நாளா இருந்துச்சு. எங்க நைனா லாஞ்சு டிரைவர். வலை கனக்குறப்ப இஞ்சின் சத்தத்தை வெச்சே "முக்குதுடா"ன்னு சொல்லுவாரு. முக்குறதுன்னா, சுத்து கம்மி, பாரம் அதிகம், ஆக்சிலரேட்டர் ஃபுல்லு. கன்டெய்னர் பின்னாடி ரெண்டாவது கியர்ல ஊர்றீங்கன்னா உங்க இஞ்சின் முக்குது. மொதல் கியருக்கு வாங்க. கொறைச்சுக்கறதுல அவமானம் இல்ல. 33 இன்ச்ல உங்க மொதல் கியர், பழைய மொதல் கியரை விட நீளமாயிடுச்சு, அதாவது அதே சுத்துக்கு வண்டி இன்னும் வேகமா ஓடும், ரெண்டாவதைப் பத்திச் சொல்லவே வேணாம்.

மணல்ல போறப்ப ஃபோர் லோ (நாலு சக்கரமும் மெதுவா, பலமா சுத்துற கியர்) போடுங்க. கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு சக்கரத்துல பலம் ஏறும், வேகம் அதே கணக்குல கொறையும். டர்போ தூங்குனாக்கூட கவலை இல்ல. ஆனா தார் ரோட்ல ஃபோர் வீல் போட்டுத் திரும்பாதீங்க. முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் ஓடாது, நடுவுல ஷாஃப்ட் முறுக்கிக்கும்.

இனி நிரந்தரமான தீர்வு. ஒண்ணு, 31க்கு எறங்குங்க, பாதி நஷ்டம் திரும்பிடும். பெரிய டயர், லிஃப்ட் எல்லாம் மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுல வர்ற மாற்றம், அதையும் யோசிங்க. இல்ல, 33தான் வேணும்னா கிரவுன் பினியன் (ஆக்ஸில்ல சக்கரத்தைச் சுத்துற பல்சக்கர ஜோடி) மாத்தணும். டயர் எவ்ளோ பெருசாச்சோ அதே விகிதத்துல ரேஷியோவும் (சக்கரம் ஒரு சுத்து சுத்த ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்தணுங்கிற கணக்கு) ஏறணும், உங்களுக்கு 14 சதவீதம் பக்கம். இப்ப 4ன்னு வெச்சுக்குங்க, 4.55 வேணும். முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் ரெண்டுலயும் ஒரே ரேஷியோ. பின்னாடி மட்டும் மாத்திட்டு ஃபோர் வீல் போட்டீங்கன்னா டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன்னுக்கும் பின்னுக்கும் பலத்தைப் பிரிச்சு விடற பெட்டி) போயிடும். ரீமேப் இதுக்கெல்லாம் அப்புறம், வேணும்னா லேசா.

ஹோஸுக்குச் சோப்புத் தண்ணி அடிச்சுப் பாருங்க, எந்த டயர்னு முடிவு பண்ணுங்க, எனக்கு எழுதுங்க. பினியன் பல்லு கணக்கை உக்காந்து போட்டுடலாம்.